தூசிக்கு ஒரு நாற்காலி

கங்கப்பனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். மதில் ஓரத்து நாலு வரிசை மல்பெரித் தழையைப் பட்டுப்புழுவுக்குப் போட்டால் ஆகுமா, ஆகாதா?

பேரிகை ஊரைத் தாண்டி அவனுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. கிழக்கு வரப்பை ஒட்டி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி மதில் எழும்பியது. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வெளியே என்ன வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கைவிரலால் தழையைத் தடவினால் விரல் சாம்பல் நிறமாகும். போன தடவை வளர்த்ததில் நாலில் ஒரு பங்கு புழு கூடு கட்டாமலே போய்விட்டது.

"அந்தத் தழதான்யா" என்றாள் அவன் மனைவி மங்கம்மா. "இனிமே அத தொடாத."

மங்கம்மாவின் கண்ணைச் சர்க்கரை நோய் தின்று ஐந்து வருஷமாகிறது. ஆனாலும் புழு வளர்ப்பது இன்றைக்கும் அவள்தான். அவள் கட்டிலுக்கும் புழுமனைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். படுத்தபடியே, "வடக்கு அடுக்குல தழ தீந்துபோச்சு, போய்ப் போடு" என்பாள். போய்ப் பார்த்தால் தீர்ந்திருக்கும். புழு தழையைத் தின்கிற சத்தத்தை வைத்தே எத்தனை நாள் புழு, எவ்வளவு பசி, எந்த அடுக்கு என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பகல் என்பது புழு தின்கிற நேரம். ராத்திரி என்பது புழு தோல் உரிக்கத் தூங்குகிற நேரம்.

புழுமனைக்குள் கால் கழுவாமல் யாரும் போக முடியாது. மூக்குப்பொடி போட்டிருந்தான் என்று கூடப்பிறந்த தம்பியையே வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள்.

குட்டி யானை வண்டி ஓட்டும் லால் பாஷாதான் அந்த யோசனையைச் சொன்னார். கங்கப்பனின் பட்டுக்கூட்டை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

"அண்ணா, ஓசூர் ரோட்டு மேல புதுசா பில்டிங் ஒண்ணு வந்துக்கிது பாத்தீங்களா? போர்டுல இயற்கைன்னு போட்டுக்கிறாங்க, அறிவியல்னும் போட்டுக்கிறாங்க. உங்க தழைக்கு ரெண்டும்தானே வேணும்? ஒரு கட்டு எடுத்துக்கினு வாங்க, எறக்கி விட்டுட்டுப் போறேன்."

போர்டில் இருந்தது: 'முழுமை: இயற்கைப் பங்கேற்பு அறிவியல் நிலையம்.'

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ஊர் எல்லாம் எழுதினான். நாலாவது கட்டத்தில், 'எந்த உயிரினத்தின் சார்பாக வந்திருக்கிறீர்கள்?' என்று இருந்தது. கங்கப்பன் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். உட்கார்ந்திருந்த பெண் இரக்கப்பட்டு, 'தாவரம்' என்பதில் அவளே டிக் அடித்தாள்.

அவனை விசாரிக்க வந்தவள் ஜெயப்ரியா. ஒருங்கிணைப்பாளர். கைத்தறிப் புடவை, செருப்பில்லாத கால். தழைக்கட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இத டெஸ்ட் பண்ணிச் சொல்லணும் மேடம். புழுவுக்கு ஆகுமா, ஆகாதா."

"ஐயா, டெஸ்ட் அப்படிங்கற வார்த்தையே நாங்க யூஸ் பண்றதில்ல. அது ஒரு வன்முறை. டெஸ்ட் பண்ணா இலை பயந்துடும்."

"பயந்தா பரவால்ல மேடம். அதுல என்னா ஒட்டிக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

ஜெயப்ரியா சிரித்தாள். குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு நிலையத்தைச் சுற்றிக் காட்டினாள். ஒரு கண்ணாடி அறைக்குள் ஒரு பெரிய மிஷின் நின்றது. அதன்மேல் பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

"அது என்னாங்க மேடம்?"

"இலையில என்னென்ன இருக்குன்னு சொல்ற மிஷின். ரொம்ப நல்ல மிஷின், பத்தே நிமிஷத்துல சொல்லிடும்."

"அப்ப..."

"அதனாலதான் மூடி வெச்சிருக்கோம். அது எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கும். நாங்க முழுசாப் பாக்கறவங்க."

அவனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தாள். ஏழு நாளைக்குத் தினமும் தோட்டத்தில் ஒரே இலையைப் பார்த்து வரைய வேண்டும். வரைய வரைய விடை தானாக வரும்.

கங்கப்பன் வரைந்தான். பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதற்குப் பிறகு அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை. முதல் நாள் இலை மாங்காய் மாதிரி வந்தது. ஏழாவது நாள் இலை மாதிரியே வந்தது. விடை வரவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தூசி கூடுதலாக விழுந்தது. அதை ஓரத்தில் எழுதி வைத்தான்.

நோட்டைப் பார்த்து ஜெயப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படங்களைக் கிழித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். செவ்வாய், வெள்ளி என்று எழுதியிருந்த ஓரத்தை, சட்டத்துக்குள் அடங்காததால், கத்தரித்துவிட்டாள். அவன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டாள். அதில் அவன் போட்டோவும், கீழே 'இணை விஞ்ஞானி' என்றும் இருந்தது.

"விஞ்ஞானி சார், முன்னால ஒக்காருங்க" என்று வண்டிக் கதவைத் திறந்தார் லால் பாஷா. "ராக்கெட் எப்ப உடறீங்க?"

"சும்மா இருய்யா பாய். இன்னும் பதில் சொல்லல."

"விஞ்ஞானியே நீங்கதானே? வேற யாரு சொல்லுவாங்க?"

இதற்கிடையில் குஞ்சுப்புழு வந்து இறங்கிவிட்டது. மங்கம்மா அடுக்கடுக்காகத் தடவிப் பார்த்து, "நல்ல புழுய்யா" என்றாள். கூடு கட்ட இன்னும் பதினெட்டு நாள். நாலாவது தோல் உரித்து எழுந்த பிறகு அதுகளுக்கு ஒரு பசி வரும். ஒன்றரை ஏக்கரையும் கேட்கும் பசி. அதற்குள் பதில் தெரிய வேண்டும்.

மூன்றாவது முறை போனபோது வட்டக் கூட்டம் நடந்தது. வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி. புழுவுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, தூசிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதன் சார்பாக ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். கங்கப்பனை எதில் உட்கார வைப்பது என்று கொஞ்ச நேரம் விவாதித்து, கடைசியில் 'பார்வையாளர்' என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

இயக்குநர் டாக்டர் ஹரீஷ்குமார் எழுந்தார்.

"நண்பர்களே, முன்னூறு வருஷமா அறிவியல் இயற்கைகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி. நம்ம நிலையம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. பெருமையா சொல்றேன், இதுவரைக்கும் ஒரு கேள்விக்குக் கூட நாம பதில் சொன்னதில்ல."

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கைதட்டுவதற்குப் பதிலாக அங்கே கண்ணை மூடுவதுதான் வழக்கம்.

தூசி நாற்காலியில் சட்டையை இன் செய்திருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தூசி" என்றார். "எனக்கு யார் மேலயும் வெறுப்பில்ல. காத்து கூட்டிக்கிட்டுப் போற இடத்துக்குப் போறேன். என்னை ஏன் எல்லாரும் துடைச்சுத் துடைச்சு விடறீங்க? எனக்கும் இந்த உலகத்துல ஒரு இடம் வேண்டாமா?"

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா விம்மி அழுதார். கங்கப்பன் மெதுவாக ஜெயப்ரியாவிடம், "இவர் யாருங்க மேடம்?" என்று கேட்டான்.

"உங்க நிலத்துக்குப் பக்கத்து கம்பெனியோட மேனேஜர். இந்த பில்டிங்கே அவங்க கட்டிக் கொடுத்ததுதான். ரொம்ப உணர்வுபூர்வமான மனுஷர்."

கங்கப்பன் எழுந்து நின்றான். "சார், அந்தத் தூசியில என்னா கலந்திருக்குதுன்னு நீங்களே சொல்லிட்டா..."

டாக்டர் ஹரீஷ்குமார் உதட்டில் விரலை வைத்தார். "ஐயா, நீங்க பெஞ்ச்."

புழுவின் நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். தூசியை மன்னித்துவிட்டதாக அவர் சொன்னார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதை போட்டோ எடுத்தார்கள்.

நாலாவது தோல் உரித்துப் புழு எழுந்தது. வீடு முழுக்க மழை பெய்கிற மாதிரி சத்தம். மங்கம்மா கட்டிலில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தபடி சாப்பிட்டாள். இப்படி ஒரு தீனியை நாலு வருஷமாகக் கேட்டதில்லை என்றாள்.

ஆறாவது நாள் விடிந்தபோது தழை தீர்ந்துவிட்டது. இன்னும் இரண்டே நாளில் புழு பழுத்துக் கூடு கட்டும். பக்கத்து மல்பெரித் தோட்டங்களில் கேட்டான். யாரிடமும் மிச்சமில்லை. மதில் ஓரத்து நாலு வரிசை மட்டும் தளதளவென்று நின்றது. கங்கப்பன் அதை வெட்டினான். தொட்டித் தண்ணீரில் ஒரு தடவை அலசி, வேறு தண்ணீரில் இன்னொரு தடவை அலசி, உதறிக் காயவைத்து, மங்கம்மாவிடம் சொல்லாமல் போட்டான். புழு தின்றது. அதே மழை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு லால் பாஷாவின் மனைவி சுக்ரா வந்து, சர்க்கரை மாத்திரை வாங்க மங்கம்மாவைச் சூளகிரிக்கு அழைத்துப் போனாள். பத்து மணிக்கு நிலையத்து வேன் வந்தது.

முன்பே சொல்லியிருந்தார்கள். புழுக்களோடு ஒரு பகல் இருந்தால் விடை கிடைத்துவிடும் என்றாள் ஜெயப்ரியா. 'விடை' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் கங்கப்பன் சரி என்றான்.

"மேடம், உள்ள போறதுக்கு மின்ன கால கழுவணும். செண்டு, பவுடரு, பொகையில எதுவும் கூடாது."

"அழகு!" என்று ஜெயப்ரியா அதை எழுதிக்கொண்டாள். "நாங்க சோப்பு கூட போடாமத்தான் வந்திருக்கோம் ஐயா."

உண்மையாகவே எல்லாரும் கால் கழுவினார்கள். அவனும் பின்னால் போகக் காலை வைத்தான். டாக்டர் ஹரீஷ்குமார் தடுத்தார்.

"நீங்க வேண்டாம் ஐயா. உங்க கண்ணுல 'என் புழு' அப்படிங்கற உடைமை இருக்கு. அது அதுங்கள சுருக்கிடும்."

கதவு சாத்தப்பட்டது. கங்கப்பன் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கொடுத்த நோட்டில் மறுபடியும் இலை வரைந்தான். இரண்டு மணி நேரம். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஈரக் கண்ணோடு வெளியே வந்தார்கள். வங்கி மேலாளர் அவனைக் கட்டிப்பிடித்தார்.

"ஆரம்பத்துல ஒரே ஆரவாரம்" என்றார் டாக்டர். "அப்புறம் எங்களோட சேர்ந்து அதுங்களும் அமைதியாயிடுச்சு. இருபது வருஷத்துல இப்படி ஒரு அனுபவம் எனக்குக் கிடைச்சதில்ல."

"விடை, சார்?"

"அதுதான் விடை."

வேன் போன பிறகு உள்ளே போனான். புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் வந்தது. விரல் நீளம் இருந்தது பாதியாகச் சுருங்கியிருந்தது. தழை தின்னாமல் கிடந்தது. மதில் ஓரத்துத் தழை.

மங்கம்மா சாயங்காலம் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாய்யா, சத்தமே காணோம்?"

அவன் மாத்திரைப் பையை வாங்கி வைத்தான்.

"என்னமோ வாசம் வருது."

கொரோனா வந்து போனதிலிருந்து கங்கப்பனுக்கு வாசனையே தெரியாது. "பிளீச்சிங் பவுடரா இருக்கும்" என்றான்.

அவள் உள்ளே போய் ஒவ்வொரு அடுக்காகக் கையை வைத்தாள். எல்லா அடுக்கையும் முடித்துவிட்டுக் கேட்டாள்:

"செவுத்தோரத் தழ போட்டியா?"

"போட்டேன்."

அதோடு சரி. மறுநாள் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு எல்லாவற்றையும் புதைத்தார்கள். மண்வெட்டி பிடிக்க வந்த லால் பாஷா அன்றைக்கு ஒரு கிண்டலும் பண்ணவில்லை. நிலையத்து ஆட்கள் வந்து போனதைக் கங்கப்பன் அவளிடம் சொல்லிப் பார்த்தான். "யாரு வந்தா என்னா? தழ போட்டது நீதானே" என்றாள். பிறகு நாற்பது நாள் சோறு, மாத்திரை, தண்ணீர், இந்த மூன்று வார்த்தைதான் இருவருக்கும் இடையில். அவள் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போடச் சொன்னாள்.

நாற்பத்தோராம் நாள் அழைப்பிதழ் வந்தது. அன்றைக்கே நிலையத்தின் ஆண்டு விழா. இணை விஞ்ஞானி கங்கப்பன் அவர்களுக்குப் பாராட்டு. 'புழுவோசை' என்னும் ஒலி அனுபவம்.

"அக்கா, அன்னிக்கு உங்க புழு சத்தத்த மைக் வெச்சுப் புடிச்சாங்களாம்" என்றார் லால் பாஷா. "அதத்தான் போடப் போறாங்களாம்."

மங்கம்மா எழுந்து தலையை வாரிக்கொண்டாள்.

நிலையத்து முன்கூடத்தில், கங்கப்பன் முதல் நாள் கொடுத்த தழைக்கட்டு ஆணியில் சணல் கயிற்றில் தொங்கியது. காய்ந்து பழுப்பாகியிருந்தது. கீழே 'சாட்சி இலை' என்று எழுதியிருந்தார்கள். இன்னும் அது எதையும் சொல்லவில்லை.

அவனுக்குச் சால்வை போட்டார்கள். டாக்டர் ஹரீஷ்குமார் பேசினார்.

"நாங்க உள்ள போனப்ப கருவின்னு எதுவும் எடுத்துட்டுப் போகல, ஒரு சின்ன மைக்கைத் தவிர. ரசாயனம்னு ஒரு சொட்டு கூட கிடையாது. எல்லாமே இயற்கை. கேளுங்க. மனுஷனும் புழுவும் ஒண்ணாகற அந்தத் தருணத்தைக் கேளுங்க."

விளக்கை அணைத்தார்கள். ஒலிபெருக்கியில் மழை பெய்தது.

மங்கம்மா கங்கப்பனின் கையைப் பிடித்தாள். நாற்பது நாளுக்குப் பிறகு.

"நம்ம புழுய்யா" என்றாள். "ஆறாம் நாள் தீனி. கேளு, நல்லா தின்னுதுங்க." கொஞ்ச நேரம் கேட்டாள். "எந்தத் தழ இது? அன்னிக்கு எந்தத் தழ கெடந்துச்சு உள்ள?"

"செவுத்தோரத் தழதான்."

"அதயா இப்படித் தின்னுதுங்க?"

மழைக்கு நடுவில் ஒரு ஆண் குரல் கேட்டது. 'கொசு தாங்கல. அந்த மூலிகைத் தூபத்த ஏத்துங்க.' ஒரு பெண் குரல்: 'இது பரவால்லதானே?' 'பூவுலேர்ந்து எடுத்ததுங்க. சுத்தமான இயற்கை.' தீக்குச்சி உரசிய சத்தம். பிறகு எல்லாரும் சேர்ந்து மூச்சை இழுத்து விட்டார்கள்.

மழை தூறலாயிற்று. தூறல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிற்று.

"யாரு பொகை போட்டது?" மங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். "வடக்கு அடுக்கு நின்னுபோச்சு. யாருப்பா பொகை போட்டது உள்ள?"

சத்தம் முழுதாக நின்றது. விளக்கு எரிந்தது. அரங்கத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"அம்மா ரொம்ப ஆழமான கேள்வி கேட்டிருக்காங்க" என்றார் டாக்டர். "யார் புகை? நாம எல்லாருமே புகைதான்."

"அமைதியா ஆவலப்பா அதுங்க. செத்துச்சுங்க. காது கேக்கலியா உங்களுக்கு?"

"நன்றி அம்மா. அடுத்த பகிர்வு?"

ஜெயப்ரியா குனிந்து வந்து ஒரு அட்டையை நீட்டினாள். அதில் மூன்று படம் இருந்தது: சிரிக்கிற முகம், அழுகிற முகம், மரம். "அம்மா, உங்க அனுபவம் இதுல எதுங்க? தொட்டுக் காட்டினா போதும், நானே டிக் பண்ணிக்கறேன்."

மங்கம்மா அட்டையைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. சால்வையை மடித்துப் போட்டு அவளை உட்கார வைத்தான்.

"தழ இல்லய்யா" என்றாள்.

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"நீ போட்ட தழ இல்ல. அதுங்க நல்லாத்தான் தின்னுச்சுங்க. நான்தான் ஒன்ன..."

கங்கப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் கை அவன் முதுகைத் தேடிக் கண்டுபிடித்தது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"ஏய்யா" என்றாள் பிறகு. "போய்க் கேளேன். அந்த மொத பாதிய மட்டும் செல்லுல ஏத்திக் குடுப்பாங்களான்னு. தீக்குச்சிக்கு மின்னால வரைக்கும். அது போதும் எனக்கு."

அவன் திரும்பப் போனான். ஜெயப்ரியா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். நிஜமாகவே அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயா, முழுசா வேணும்னா இப்பவே அனுப்பறேன். ஆனா வெட்டித் தர முடியாதே. முழுமைதான் நம்ம கொள்கை. பாதியாப் பிரிச்சா அது அதோட உண்மைய இழந்துடும்."

"அந்தப் பாதியிலதான் மேடம் அதுங்க உசுரோட இருக்குது."

"புரியுது ஐயா. டைரக்டர்கிட்ட கேட்டாலும் இதையேதான் சொல்வாரு."

கங்கப்பன் முன்கூடத்துக்கு வந்தான். கழுத்து அட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினான். சணல் கயிற்றை அவிழ்த்துத் தழைக்கட்டை எடுத்துக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"குடுத்தாங்களா?" என்றாள் மங்கம்மா.

"இல்ல. இதத்தான் எடுத்தாந்தேன்."

அவள் வாங்கித் தடவினாள். நரம்பு, ஓரத்துப் பல், காம்பு. "நம்ம தழ" என்றாள். ஒரு இலையைக் காதோரம் கொண்டுபோய் விரலால் மெதுவாக நொறுக்கினாள். தூறல் மாதிரி சத்தம். பிறகு இன்னொன்று. இன்னொன்று. அவன் தலையைக் குனிந்து, அவள் தலையோடு ஒட்டிக் காதை வைத்தான்.

பேரிகை பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. தழைக்கட்டில் இன்னும் கொஞ்சம் இலை இருந்தது.